முந்நூற்றுப் பத்து

யாழ்ப்பாணத்தில் மலை இல்லை. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் ஒரு மனிதனுக்கு மூச்சு எவ்வளவு இளைக்கிறது என்று அளந்து எழுதும் வேலைக்கு வந்தபிறகு அது எனக்குப் பெரிய இடைஞ்சலாகப் போய்விட்டது. வெளிநாட்டிலிருந்து வந்த கேள்வித்தாளில் "மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்குகிறதா", "எத்தனையாவது மாடிப்படியில் நிற்கிறீர்கள்" என்றெல்லாம் இருந்தது. பனங்கிழங்குப் பாத்தியை விட உயரமான மேட்டை வாழ்நாளில் கண்டிராத சனத்திடம் இதைக் கேட்டு என்னத்தை எழுதுவது?

நானே திருத்தி எழுதினேன். கிணற்றில் எத்தனை வாளி அள்ளியதும் கை நிற்கிறது, வீட்டிலிருந்து கோயில் வாசலுக்குப் போவதற்குள் எத்தனை இடத்தில் நின்று ஆறுகிறீர்கள், உடுப்பு மாற்றும்போது கட்டிலைப் பிடிக்கிறீர்களா, ஒரு மூச்சில் எத்தனை சொல் கதைக்க முடிகிறது. இவற்றை வைத்து ஒன்றிலிருந்து ஐந்து வரை ஒரு படி கொடுத்தேன். ஒன்று என்றால் இளைப்பு இல்லை. ஐந்து என்றால் கதிரையை விட்டு எழும்ப ஏலாது. இந்தக் குடாநாட்டில் இளைப்பை முதன்முதல் ஒழுங்காக அளந்தவன் நான் என்று சொன்னால் அதில் பெருமை எதுவும் இல்லை. வேறு யாரும் முயலவில்லை, அவ்வளவுதான்.

ஐயா, உங்கள் விசாரணைக்காக, நிலையத்து மருந்துக் குளிசைகள் எங்கே போயின என்று எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். நான் அவற்றை விற்றுவிட்டதாகக் கமிட்டியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை, அருவருப்புத்தான் வந்தது. நான் ஒரு குளிசையும் விற்கவில்லை. எல்லாம் வட்டுக்கோட்டையில் என் வீட்டு அலுமாரியில், ஆறு பிஸ்கட் தகரங்களில், மாதம் மாதமாகத் திகதி எழுதி ஒட்டியபடி இருக்கின்றன. ஆள் அனுப்பி எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் என்னைக் கள்ளன் என்று சொல்லுங்கள். மற்ற விஷயத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் தகரங்கள் எப்படி நிரம்பின என்று சொல்லப் புறப்பட்டால் அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நிலையம் தொண்ணூற்றிரண்டு மாசியில் தொடங்கியது. மானிப்பாய் வீதியில் கைவிட்டுக் கிடந்த ஒரு சுருட்டுக் கொட்டிலுக்கு வெள்ளையடித்து, நெஞ்சு நோயாளருக்கான நிலையம் என்று பலகை மாட்டினார்கள். சுருட்டுக் கொட்டிலில் நெஞ்சு நோய்க்கு மருந்து கொடுப்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது என்று பதினொரு பேர் கொண்ட கமிட்டியில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வைத்தியர் ஒருவர், டொக்டர் செல்வரட்ணம். ஓய்வு பெற்றவர். இரண்டு கண்ணிலும் படலம் விழுந்து, கொழும்புக்குப் போய் வெட்டுவிக்க வழியில்லாமல், நான் விரல் வைக்கிற இடத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர். நான் அளவெழுதுபவன். அதற்கு முதல் பதின்மூன்று வருடம் ஒரு பாடசாலை ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் குழாய் கழுவினேன்.

கப்பலில் வருகிற இளைப்புக் குளிசை மாதம் நாற்பது பேருக்குத்தான் காணும். வாசலில் நின்றவர்கள் இருநூறு பேர். அதனால் கமிட்டி ஒரு விதி வைத்தது. ஒவ்வொருவரையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமைகளில், அளக்க வேண்டும். அளப்பதற்கு ஒரு கருவியும் வந்தது. ஒரு சாண் நீளமான வெள்ளைக் குழாய். மூச்சை நிறைய எடுத்து ஒரே வீச்சில் ஊதினால் பக்கத்து முள் நகர்ந்து போய் ஓர் இலக்கத்தில் நிற்கும். அதற்குப் பற்றரி வேண்டாம். அதனால்தான் அரசாங்கம் குடாநாட்டுக்குத் தடைசெய்த சாமான்களின் பட்டியலில் மாட்டாமல் இங்கே வந்து சேர்ந்தது. சுவாசப்பை நல்லாயுள்ள ஆம்பிளை ஐந்நூறுக்கு மேல் ஊதுவான். இருநூற்றைம்பதுக்குக் குறைய ஊதுகிறவருக்கு, என் படியிலும் மூன்றோ அதற்கு மேலோ இருந்தால், குளிசை. இருநூற்றைம்பதைத் தாண்டினால் பெயர் வெட்டப்படும்.

விதியை நோயாளருக்குச் சொல்லக்கூடாது என்றும் கமிட்டி தீர்மானித்தது. சொன்னால் எல்லாரும் குறைய ஊதி நடிப்பார்களாம். கூட்டத்தில் இதைக் கேட்டுக்கொண்டு மூலையில் நின்றேன். தங்கள் சொந்த ஊர்ச் சனத்தைப் பற்றி அந்தக் கனவான்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

எங்கள் ஆட்கள் வருத்தத்தைக் கூட்டிச் சொல்ல மாட்டார்கள், ஐயா. அதற்குத் துணிவு வேண்டும். வலிகாமத்துத் தோட்டக்காரன் ஒருவன் டொக்டரிடம் போவதென்றால் முதல்நாளே வேட்டியைத் தோய்த்துக் காயப்போடுவான். விடிய முழுகி, திருநீறு பூசி, பெண் பார்க்கப் போகிற மாதிரி வெளிக்கிடுவான். வாசலுக்கு வெளியே பூவரச மரத்தைப் பிடித்துக்கொண்டு கால் மணித்தியாலம் நின்று இளைப்பாறிவிட்டு, பிறகு நடந்து உள்ளே வருவான். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் "இருக்கிறம்" என்பான். இரவில் படுக்க முடிகிறதா என்றால் "பரவாயில்லை" என்பான். உதடு நீலமாயிருக்கும். கழுத்து நரம்பு கயிறு மாதிரிப் புடைத்திருக்கும். பரவாயில்லை. நான் கேட்டதை எழுதினேன். பரவாயில்லை என்று ஒருவர் தன் வாயால் சொல்லும்போது, இல்லை, உனக்குப் பரவாயிருக்கிறது என்று எழுத நான் யார்?

கரும்பலகை விஷயத்துக்கு வருகிறேன். முதல் இரண்டு மாதமும் ஊதி முடித்த ஒவ்வொருவரும் "எவ்வளவு தம்பி, எவ்வளவு" என்று என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். தொல்லை தாங்காமல் விறாந்தையில் ஒரு பலகை மாட்டி, பெயரையும் இலக்கத்தையும் எழுதிவிட்டேன். வேறொன்றும் எழுதவில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தானுக்கு முன்னால் ஒரு பெயரையும் அதற்கு நேரே ஓர் இலக்கத்தையும் எழுதிவைத்தால் அவன் அதை எப்படி வாசிப்பான் என்று நீங்களே சொல்லுங்கள். அடுத்த வெள்ளிக்கிழமையே ஆர் முதலாம் பிள்ளை என்று கதை தொடங்கிவிட்டது. மூன்றாவது மாதம் பேரப்பிள்ளைகள் வந்து கொப்பியில் பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். வீட்டில் பலூன் ஊதிப் பழகினார்கள். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார்கள். பருத்தித்துறையிலிருந்து பஸ்ஸில் வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஆழ்வாப்பிள்ளை, தான் இருநூற்று நாற்பதும் பக்கத்து வீட்டுக்காரர் இருநூற்றறுபதும் என்று கண்டு, மீளத் திருத்தக் கோரி எனக்கு ஒரு கடிதம் எழுதினார்.

நான் திட்டம் போட்டு மாட்டிய பலகை இல்லை அது. மாட்டியபிறகு கழற்றவும் இல்லை.

ரியூசனைப் பற்றியும் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அது உண்மை. அவர்களே கேட்டார்கள். புதன்கிழமை பின்னேரங்களில் கொட்டிலுக்குப் பின்புறத்தில் ஆறேழு பேரை வாங்கில் இருத்தி எப்படி ஊதுவது என்று சொல்லிக் கொடுத்தேன். கருவியோடு வந்த தாளில் ஓர் எச்சரிக்கை இருந்தது. குழாயின் வாயை நாக்கால் அடைத்து, துப்புகிற மாதிரித் திடீரென்று விட்டால் முள் பொய்யாக எகிறும், அப்படிச் செய்ய நோயாளரை விடவேண்டாம் என்று. அதைத்தான் சொல்லிக் கொடுத்தேன். வாயில் ஒட்டின புகையிலைத் துணுக்கைத் துப்புகிற மாதிரி என்று சொன்னதும் எல்லாருக்கும் உடனே பிடிபட்டுவிட்டது. சாதாரணமாக நூற்று முப்பது ஊதுகிறவர் அந்த வித்தையோடு இருநூற்றுக்கு மேல் போவார். இன்னொன்றும் சொன்னேன். அளவெடுக்கும் பரீட்சைக்கு முன் ஐந்து நாள் குளிசையைப் போடாமல் சேர்த்துவைத்து, வெள்ளிக்கிழமை விடிய நாலைந்தை ஒன்றாகப் போட்டுக்கொண்டு வரச் சொன்னேன். அப்படிப் போட்டவர்களை எனக்குப் பார்த்தவுடனே தெரியும். அந்தக் குளிசைக்குக் கை நடுங்கும். குழாயை வாங்கும்போதே அது அவர்களுடைய கையில் கிடுகிடுக்கும்.

அந்த ஐந்து நாளும் அவர்கள் வீட்டில் எப்படிக் கிடந்தார்கள் என்று நான் யோசித்தேனா என்று கேட்பீர்கள். யோசித்தேன். தெரிந்துதான் சொன்னேன்.

இப்படியாகப் பட்டியல் மெலிந்தது. அந்த வருடம் முடியுமுன் இருபத்திரண்டு பெயர் வெட்டுப்பட்டது. புதிதாக வந்தவர்களும் எங்கள் ரியூசனைக் கேள்விப்பட்டு, பழகிக்கொண்டுதான் வந்தார்கள். முதல் நாளே இருநூற்றைம்பதைத் தாண்டிப் பூரிப்போடு வீட்டுக்குப் போனார்கள். ஆனாலும் மாதா மாதம் நான் நாற்பது பேருக்கும் குளிசை எடுத்தேன். குறைய எடுத்தால் அடுத்த முறை குறைத்துத்தான் அனுப்புவார்கள், எந்தக் களஞ்சியக்காரனைக் கேட்டாலும் சொல்வான். மிஞ்சியதைப் பத்திரமாக வைத்தேன். உண்மையை மறைக்காமல், நடிக்காமல், எனக்கு ஏலாது என்று நிமிர்ந்து சொல்கிற ஒரு நோயாளி வந்தால் கொடுக்கலாம் என்று இருந்தேன்.

அப்படி ஒருத்தி இருந்தாள் என்பதை மறைக்கவில்லை. லூர்த்தம்மா. குருநகர்க்காரி. கரையோரத்தில் ஷெல் விழத் தொடங்கியபிறகு ஆனைக்கோட்டையில் யாரோ உறவினர் வீட்டோடு சாய்த்து இறக்கிய பத்தியில் இருந்தவள். நாற்பது வருடம் ஈரவிறகுப் புகையில் சமைத்துச் சுவாசப்பை கரிப்பிடித்த சட்டியாய்ப் போயிருந்தது. அவள் முழுகி வெளிக்கிட்டு வருவதில்லை. வந்து படியிலேயே குந்தி, ஊரே கேட்க இருமி, மூடி போட்ட தகரத்தில் துப்பிவிட்டு, "மோனை, எனக்கு ஏலாது, செத்துப்போடுவன், குளிசையைத் தா" என்பாள். ரியூசனுக்கு வாவென்றதற்கு, "உன்ரை குழலை நீயே ஊது" என்றாள். எப்போதும் தொண்ணூறு. எப்போதும் பலகையில் கடைசி. விதிப்படி அவளுக்கு ஒரு மாதமும் குளிசை தவறவில்லை. அவளை எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது.

போன கார்த்திகையில் டொக்டர் ஞானாம்பிகை வந்தார். செல்வரட்ணம் ஐயா கண்ணை முற்றாக இழந்தபிறகு அவருக்குப் பதிலாக வந்த பெண். இரண்டு கிழமை ஒன்றும் பேசாமல் பழைய கார்ட்டுகளைப் பிரித்துப் பிரித்து அடுக்கினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "சண்முகநாதன், உங்கடை கார்ட்டிலை ஆளுக்கு இலக்கம் கூடக் கூட ஆள் செத்துப்போகுது. உது எப்பிடி?" என்று கேட்டார். பெயர் வெட்டப்பட்ட முப்பத்தேழு பேரில் பதினாலு பேர் நாலு மாதத்துக்குள் இறந்திருந்தார்கள். அதை எண்ணிக் கண்டுபிடிக்க அவருக்கு இரண்டு கிழமை எடுத்தது. என்னிடம் கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன். திகதியோடு எழுதி வைத்திருந்தேன். ஒரே ஒரு கார்ட்டை மட்டும் அவர் தனியே எடுத்து மேசையில் வைத்து, இதை விளங்கப்படுத்துங்கள் என்றார். அது இணுவில் பரமலிங்கத்தின் கார்ட்.

பரமலிங்கத்துக்கு அறுபத்துநாலு வயது. புகையிலைத் தோட்டக்காரர். புகையிலை வெட்டி வாடியபின் அதைக் குடிலுக்குள் கட்டித் தொங்கவிட்டு, தேங்காய்ப் பொச்சும் பனை ஊமலும் எரித்துப் புகை போடுவார்கள் அல்லவா, அந்தப் புகைக்குள் நாற்பது வருடம் தானே புகுந்து இலை பிரட்டியவர். கூலிக்காரனில் நம்பிக்கை இல்லையாம். கோயில் பரிபாலனசபையில் இருந்தார். மூத்த மகன் கனடாவில். அந்த மகனுக்கு எழுதும் கடிதங்களில் தனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று எழுதிக்கொண்டிருந்தார் என்று பிறகு அறிந்தேன். தொண்ணூற்றிரண்டு ஆவணியில் பட்டியலில் சேர்ந்தார். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று குளிசை போட்டால் தோட்டத்து வரம்பு வரை நடப்பார். போடாவிட்டால் படுக்க முடியாது. அந்த இரண்டு குளிசைதான் அவருக்கும் சுடலைக்கும் இடையில் இருந்தது. அது எனக்கு அவருடைய மனைவியை விட நன்றாகத் தெரியும், ஏனென்றால் அளந்தவன் நான்.

அவர் ஒரு வருடமாக இருநூறு, இருநூற்றுப் பத்து என்று நின்றார். பலகையில் நடுவில். அது அவரை அரித்தது. புதன்கிழமை ரியூசனுக்கு ஒரு நாளும் தவறவில்லை. கொப்பி கொண்டுவராத குறை.

தொண்ணூற்று மூன்று புரட்டாசிப் பரீட்சைக்கு முதல் கிழமை அவர் விறாந்தையில் இருந்தபோது லூர்த்தம்மா கிட்டப் போனாள். நான் யன்னலுக்கு உட்புறம் கார்ட் எழுதிக்கொண்டிருந்தேன்.

"அண்ணை, நான் ஒண்டு சொன்னால் கோவிக்கமாட்டியளே? உந்தப் பலகையிலை கூட எடுத்தவையை நான் பிறகு இஞ்சை காணேல்லை. ஏரம்பு அண்ணை முந்நூறு எடுத்து ஆடியிலை செத்துப்போனார். எனக்குத் தொண்ணூறு, எனக்குக் குளிசை நிக்கேல்லை. குறைய ஊதுங்கோ அண்ணை."

பரமலிங்கம் சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்க நேரம் எடுத்தது.

"அதுக்கு, இந்த வயசிலை என்னைப் பெயில் விடச் சொல்லுறியோ பிள்ளை?"

பிறகு யன்னல் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். "அப்பிடியோ தம்பி? உவள் சொல்லுறது சரியோ?"

ஐயா, உங்களுக்கு ஒரு முழு வாக்குமூலம் வேண்டுமென்றால் இந்த இடத்தில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். குறைய ஊதினால்தான் மருந்து. மூன்றே சொல். அவரால் கூட அதை ஒரு மூச்சில் சொல்லியிருக்க முடியும். விதியைச் சொல்லக்கூடாது என்பது கமிட்டியின் தீர்மானம் என்று நான் இப்போது சொல்லலாம். ஆனால் அப்போது எனக்குக் கமிட்டி நினைவில் வரவில்லை. வாயைத் திறந்து தன் இளைப்பைச் சொல்லத் துணிவில்லாமல், புள்ளிக்கு வாய் பிளந்து நிற்கிற அந்த முகத்தைப் பார்த்தேன். எனக்கு அவர் மேல் இரக்கம் வரவேயில்லை.

"உவவுக்கு ஊதத் தெரியாது ஐயா," என்றேன். "அதுதான் உந்தக் கதை."

விறாந்தையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். லூர்த்தம்மா சிரிக்கவில்லை. தன் தகரத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த புதன் அவர் ரியூசனுக்கு வரவில்லை. பரீட்சைக்கு இரண்டு நாள் இருந்தது. சைக்கிளில் இணுவிலுக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால், அளவுக்காக. குளிசை நிறுத்திய நாலாம் நாளில் அவர் எத்தனை ஊதுவார் என்று அறிய விரும்பினேன்.

கிணற்றடியில் துலாக்காலைப் பிடித்தபடி, முன்பக்கம் குனிந்து இருந்தார். மேலில் சால்வை இல்லை. விலா எலும்புகளுக்கு இடையில் தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. அவருடைய மனைவி குணலட்சுமி என்னைக் கண்டதும் ஓடி வந்தா.

"தம்பி, நாலு நாளாய் உவர் படுக்கேல்லை. கதிரையிலை இருந்தபடிதான் விடியுது. குளிசை பெட்டிக்கை கிடக்கு, தொடுறார் இல்லை. சோதினை முடியட்டுமாம். நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் கேப்பார்."

"உவளுக்கு," என்றார் பரமலிங்கம். மூச்செடுத்தார். "விசர்." மூச்செடுத்தார். "தம்பி."

ஒரு மூச்சுக்கு ஒரு சொல். என் படியில் அது ஐந்து. குழாயை எடுத்துக் கொடுத்தேன். நாக்கால் அடைக்காமல், சும்மா ஊதச் சொன்னேன். நூற்றுப் பத்து. அவர் முள்ளைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"இதை... பலகையிலை... போடுவீரோ?"

"இல்லை ஐயா. இது வீட்டு வேலை மாதிரி. வெள்ளிக்கிழமைதான் பரீட்சை."

அவருக்கு அப்படி ஓர் ஆறுதல். குணலட்சுமி என் பக்கத்தில் வந்து மெல்லமாய்க் கேட்டா. "இப்ப ஒண்டு குடுக்கட்டோ தம்பி? ஒண்டே ஒண்டு?"

"வெள்ளிக்கிழமை காலமை நாலைச் சேர்த்துக் குடுங்கோ அக்கா. இப்ப குடுத்தால் இவ்வளவு நாளும் பொறுத்தது வீணாய்ப் போயிடும்."

அவ தலையாட்டினா. படித்தவன் சொன்னால் சரியாயிருக்கும் என்று நினைக்கிற ஆள். எனக்குத் தேத்தண்ணியும் பனங்கட்டியும் கொண்டுவந்து தந்தா. சீனி கண்ணில் படாத காலம். பனங்கட்டியும் மலிவு இல்லை. குடித்துவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை அவர் வந்தார். சலவை வேட்டி, மூன்று குறித் திருநீறு, கோயில் சந்தனம். குழாய் அவருடைய கையில் கிடுகிடுத்தது. நிமிர்ந்து நின்று, மூச்செடுத்து, நான் பழக்கிய மாதிரியே அடித்தார். முள் முந்நூற்றுப் பத்தில் போய் நின்றது. நிலையம் தொடங்கிய நாளிலிருந்து அதுதான் கூடிய இலக்கம். விறாந்தையில் கை தட்டினார்கள். நான் அதைப் பலகையில் மற்றவற்றை விடக் கொஞ்சம் பெரிதாகவே எழுதினேன். அவர் அதற்கு முன்னால் நெடுநேரம் நின்றார். பிறகு வந்து, மகனுக்கு அனுப்புவதற்கு அந்த இலக்கத்தை ஒரு துண்டில் எழுதி முத்திரை குத்தித் தர முடியுமா என்று கேட்டார். எழுதிக் கொடுத்தேன். கேள்வித்தாளில் இளைப்பு ஒன்று என்று போட்டேன். கேட்டதற்கு அவர் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார்.

"இனி உங்களுக்குக் குளிசை தேவையில்லை ஐயா," என்றேன்.

"கேட்டியோ?" என்று மனைவியிடம் திரும்பினார். "தேவையில்லையாம்."

சேர்த்து வைத்ததில் மிஞ்சியது ஆறு குளிசை. அது மூன்று நாளுக்கு வந்திருக்கும். பத்தொன்பதாம் நாள் செத்தார். கதிரையில் இருந்தபடி.

பதினாலு பேர் என்று சொன்னேன். பதினாலும் இப்படித்தான். ஒருவரையும் நான் தொடவில்லை, ஒருவரிடமும் குரலை உயர்த்தவில்லை, பலகையில் ஓர் இலக்கமும் மாற்றி எழுதவில்லை. அவர்களுக்கு உரிய மருந்தை அவர்களுடைய கையாலேயே தள்ளிவிடப் பழக்கினேன். என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொருவருக்கும் எத்தனை நாள் என்று முன்கூட்டியே கணக்கிட்டு எழுதியும் வைத்தேன், பெரும்பாலும் சரியாகவே வந்தது. கொலை என்று எழுத வேண்டுமானால் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். களவு என்று எழுதாதீர்கள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த அடுத்த நாள் குணலட்சுமி நிலையத்துக்கு வந்தா. நான் எழுதிக் கொடுத்த துண்டு அவவுடைய கையில் இருந்தது. கனடாவுக்கு அனுப்பவில்லை. நான் கதிரை காட்டினேன், இருக்கவில்லை.

"உங்களிலை பிழை சொல்ல வரேல்லை தம்பி," என்றா. "எனக்கு ஒண்டு விளங்கேல்லை, அதைக் கேட்டுப்போட்டுப் போறன். அந்தக் குருநகர் மனிசிக்குத் தொண்ணூறு. அவவுக்கு இப்பவும் குடுக்கிறியள். குடுக்கத்தான் வேணும், நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனால் இவர் முந்நூற்றுப் பத்து எடுத்தவர். எல்லாரிலும் கூட எடுத்தவர். அவ்வளவு எடுத்தவருக்கு ஏன் தம்பி இல்லையெண்டு விட்டவை?"

நான் அடுத்த கார்ட்டை எடுத்தேன். அவ துண்டை மேசையில் வைத்துவிட்டுப் போனா. அந்தக் கேள்வியை நான் முன்பும் ஒருமுறை என் காதால் கேட்டிருக்கிறேன். பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் நின்று என் அப்பா கேட்டார். அச்சொட்டாக அதே கேள்வி.

இதற்கெல்லாம் பின்னால் எனக்குச் சொந்தக் காரணம் ஏதும் உண்டா என்பது உங்கள் கடைசிக் கேள்வி. இல்லை. எழுபத்துநாலில் நான் மருத்துவத்துக்கு விண்ணப்பித்தது உண்மை. என் புள்ளிக்கு எங்கள் மாவட்டத்தில் இடமில்லை என்றார்கள். என்னிலும் குறைய எடுத்தவனுக்கு வேறு மாவட்டத்தில் இடம் இருந்தது. அந்த நாளில் அது எத்தனையோ வீடுகளில் நடந்ததுதான். அதற்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. இருபது வருடமாகிறது, நான் அதை அப்போதே மறந்துவிட்டேன். தாவரவியல் எழுபத்தொன்று. விலங்கியல் அறுபத்தெட்டு. இரசாயனம் அறுபத்திரண்டு. பௌதிகம் ஐம்பத்தொன்பது.